பாட்டின் பலன் யாருக்கு?

திருவிழாக் காலத்தில் மாடவீதியின் கோடியில் நிற்கும் அடியவர்க்கு, எம்பெருமான் புறப்பட்டருளினான் என்னும் செய்தியை முதலில் கொண்டு சேர்ப்பது செவியே. திருக்குடையோ தீவட்டியோ கண்ணுக்குப் புலப்படுமுன் தவிலின் முழக்கம் கேட்கிறது; அதனைத் தொடர்ந்து நாகசுரத்தில் மல்லாரி எழுகிறது. அது கம்பீரநாட்டை என்று அறிந்தவர் அக்கூட்டத்தில் சிலரே. ஆயினும் அதனைக் கேட்டவுடன் குழந்தையைத் தோளில் தூக்கிக் கொள்ளாத தந்தையில்லை, கைகூப்பாத மூதாட்டியில்லை. இராகத்தின் பெயரறியாதவரையும் ஒரே கணத்தில் ஒரே திசைநோக்கித் திரும்பச் செய்யும் ஆற்றல் இசைக்கு உண்டு.

இத்தகைய இசை யாருக்கு உரியது? வருந்திப் பயின்று வாசிக்கின்றவனுக்கா? அவனுக்கு ஊதியம் அளிக்கின்ற ஊராருக்கா? செவிகுளிரக் கேட்கின்றவர்க்கா? அல்லது யாருடைய திருமுன்பு அது ஒலிக்கிறதோ அந்தப் பெருமானுக்கேயா? ஒரு பாட்டினால் புண்ணியம் விளையுமாயின், அப்புண்ணியத்தின் பங்கு யாரைச் சாரும்? வேடிக்கையாகத் தோன்றும் இவ்வினா, உண்மையில் ஒரு சமுதாயம் தன் கலைஞர்களை எவ்வாறு நடத்த வேண்டும் என்னும் அறவினாவேயாகும். இதனை நேர்படக் கேட்டு நேர்பட விடை கூறும் வரலாறு ஒன்று வைணவ மரபில் உண்டு. அதுவே கைசிக மாகாத்மியம்.

திருக்குறுங்குடிப் பாணன்

வராக புராணத்தில் ஞானப்பிரான் பூமிப்பிராட்டிக்கு உரைத்தருளிய இவ்வரலாறு திருக்குறுங்குடியில் நிகழ்ந்ததென்பது பெரியோர் கொள்கை. பராசர பட்டர் இதற்கு வியாக்கியானம் அருளிச் செய்துள்ளார். மகேந்திரகிரியின் அடிவாரத்தில் வாழ்ந்த பாணர் குலத்து அடியவர் ஒருவர், இரவுதோறும் வீணையும் கையுமாகக் கோயில் வாசலுக்கு வந்து, நம்பியைப் பாடித் திருப்பள்ளி உணர்த்துவதை விரதமாகக் கொண்டிருந்தார். குலத்தின் காரணமாக உள்ளே புக இயலாதவராய் வெளியே நின்றே பாடினார். ஆயினும் 'நம்பாடுவான்' என்று பெருமானே உரிமையோடு அழைக்கும் பெயர் அவருக்கு வாய்த்தது.

கார்த்திகை மாதத்துச் சுக்கிலபட்ச ஏகாதசி இரவு. பாடுவதற்கு விரைந்து சென்ற நம்பாடுவானைப் பசியோடிருந்த பிரம்மராட்சதன் ஒருவன் வழியிலே பற்றிக் கொண்டான். உயிருக்கு அஞ்சாத நம்பாடுவான் அவனிடம் கேட்டது ஒன்றே. விரதத்தை முடித்துத் திரும்பும்வரை தவணை வேண்டும் என்பதே அது. ராட்சதன் நம்பவில்லை. நம்பாடுவான் பதினெட்டுச் சத்தியங்கள் செய்தார். திரும்பி வாராவிடில், பரம்பொருளான நாராயணனைப் பிற தெய்வங்களோடு சமமாக எண்ணியவன் அடையும் பாவத்தைத் தாம் அடைவதாக இறுதியில் உரைத்தபோதே அவன் விடுத்தான்.

அன்றிரவு நம்பாடுவான் பாடி முடித்தார். கொண்ட விரதம் நிறைவேறிய மகிழ்ச்சியோடு மரணத்தை நோக்கி வேகமாக நடந்தார். எதிரே முதியவர் ஒருவர் வடிவில் வந்த எம்பெருமான், உயிரைக் காக்கும் பொருட்டுச் சொன்ன சொல்லை மீறுவதில் குற்றமில்லை என்று சோதித்தான். நம்பாடுவான் இசையவில்லை. ராட்சதன் முன் வந்து நின்று, 'உன் இச்சைப்படி உண்ணலாம்' என்றார்.

வரலாறு திரும்புமிடம் இதுவே. சொன்ன சொல் தவறாது வந்தவரைக் கண்டு வியந்த ராட்சதன், உணவை மறந்து வேறொன்றைக் கேட்கத் தொடங்கினான். அன்றிரவு பாடிய பாட்டின் பலனைத் தந்தால் உயிரோடு விடுவதாகச் சொன்னான். நம்பாடுவான் மறுத்தார். பாதிப் பலனைக் கேட்டான், மறுத்தார். ஒரு யாமத்துப் பலனைக் கேட்டான், அதற்கும் இசையவில்லை. உண்பதாயின் உண்ணலாம், பாட்டின் பலனைத் தருவதற்கில்லை என்பதே அவருடைய உறுதியான விடை. இறுதியில் ராட்சதன் அவர் திருவடியில் விழுந்தான். முற்பிறப்பில் சோமசர்மா என்னும் அந்தணனாயிருந்ததையும், வேள்வியில் நேர்ந்த குற்றத்தால் இவ்வடிவு எய்தியதையும் கூறி, கடைசியாகப் பாடிய ஒரு பாட்டின் பலனையேனும் தந்து கரையேற்ற வேண்டும் என்று இரந்தான். மனமிரங்கிய நம்பாடுவான், கைசிகம் என்னும் பண்ணில் பாடிய அந்த ஒரு பாட்டின் பலனை அளித்தார். ராட்சத வடிவம் நீங்கியது.

விற்பனையும் கொடையும்

இந்நிகழ்ச்சியில் ஊன்றிக் கருதத்தக்கது ஒன்றுண்டு. தம் உயிருக்கு ஈடாகக் கேட்டபோது முழுப் பலனில் ஒரு சிறு பகுதியையும் கொடுக்க மறுத்த அதே மனிதர், மற்றோர் உயிர் துன்பம் தீர வேண்டிக் கேட்டபோது கொடுத்துவிட்டார். கேட்டவன் ஒருவனே, கேட்கப்பட்ட பொருளும் ஒன்றே. கேட்ட முறைதான் வேறு. முன்னது பேரம், பின்னது இரப்பு. பேரத்துக்கு இணங்கியிருந்தால், எம்பெருமானுக்கென்று பாடிய பாட்டு தம் உயிரை வாங்கும் விலைப்பொருளாக முடிந்திருக்கும். இரப்புக்கு இரங்கியதனால் அப்பாட்டு மற்றோர் உயிரை வாழ்வித்தது. இசையின் பலன் பாடுபவனுக்கு உரியதுதான். ஆனால் விற்கும் உரிமை அவனுக்கில்லை, கொடுக்கும் உரிமை மட்டுமே உண்டு என்று இவ்வரலாறு தீர்ப்புக் கூறுகிறது.

பிற்காலத்திலும் இந்நெறி நின்றவர்கள் உண்டு. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜ சுவாமிகள் (1767–1847), தஞ்சை அரசவையிலிருந்து வந்த பொன்னையும் பொருளையும் ஏற்க மறுத்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அரசன் அளிக்க வந்த செல்வத்தை மறுத்த அவரே, தம்பூரும் செம்புமாக வீதியில் நாமத்தைப் பாடிச் சென்று, இல்லத்தரசியர் இட்ட அரிசியை உஞ்சவிருத்தியாக ஏற்றார். பொன்னை மறுத்தவர் ஒருபிடி அரிசியை ஏற்றது முரண்பாடன்று. அரசனுடைய பொன் பாட்டுக்கு ஒரு விலையைக் குறித்தது; அவ்விலையை ஏற்றால் பாட்டின் திசையும் மாறக்கூடும். வீதியில் இட்ட அரிசியோ பாட்டை வாங்கவில்லை, பாடுகின்றவரைக் காத்தது.

பாடுபவன் உண்ண வேண்டாமா?

இங்கே ஒரு தடை எழும். இசை விற்பனைக்குரியதன்று என்று உபதேசிப்பது எளிது. இசைவாணனின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? 'கைங்கரியம்' என்னும் தூய சொல்லைக் காட்டிக் கலைஞனுக்குக் கூலி தராமலிருப்பது அறமாகுமா?

ஆகாது. விற்காதே என்னும் கட்டளை பாடுபவனுக்கு இடப்பட்டதாயின், அவனைப் பட்டினி கிடக்க விடாதே என்னும் கட்டளை ஊருக்கு இடப்பட்டதாகும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் வற்புறுத்துகின்றவர் அறத்தின் பாதியை மறைக்கின்றவர். முன்னோர் இதனை அறிந்திருந்தனர். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்னும் ஊரில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. அங்கே 340 மாணாக்கர் பயின்ற கல்லூரிக்குச் செய்த ஏற்பாடுகளைச் சொல்லும் அச்சாசனம், திருவாய்மொழி விண்ணப்பம் செய்வார்க்கு நெல் அளிப்பதையும் மறவாமல் குறிக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஓதுகின்ற நாவுக்கு உணவளிப்பது தன் கடமை என்று ஓர் ஊர் கல்லில் வெட்டி வைத்தது. பிற்காலத்தும் மேளக்காரர் முதலிய கோயிற் பணியாளர் பலர்க்கு ஊழிய மானியமாக நிலங்கள் இருந்தன. 1963ஆம் ஆண்டுச் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் போன்ற மாற்றங்களுக்குப் பின் அப்பழைய அமைப்பு மறைந்தது. அதில் குறைகளும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நிலத்தின் விளைவில் ஒரு பங்கு நாதத்திற்கு என்று ஒதுக்கிய கருத்து மறக்கத்தக்கதன்று.

அக்கருத்து மறக்கப்படின் நேரும் இழப்பு எத்தகையது என்பதற்குத் திருமலையே சான்று. தாளப்பாக்கம் அன்னமாசாரியர் (1408–1503) திருவேங்கடமுடையான்மீது பாடியவை முப்பத்தீராயிரம் என்பது மரபு. அவருடைய கீர்த்தனங்கள் செப்பேடுகளில் வெட்டப்பட்டுக் கோயிலுக்குள் ஓர் அறையில் வைக்கப்பட்டன. காலப்போக்கில் பாடும் வழக்கம் அற்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்செப்பேடுகள் வெளிவந்து ஆராயப்பட்டபோது சொற்கள் இருந்தன; இராகத்தின் பெயர்களும் இருந்தன. அவர் பாடிய மெட்டு மட்டும் இல்லை. இன்று பாடப்படுபவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்து இசையறிஞர் அமைத்த மெட்டுக்களே. சொல்லைச் செப்பேடு காக்கும். மெட்டைக் காக்க மனிதத் தொண்டை வேண்டும். ஒரு தலைமுறை வாய்மூடினால் அடுத்த தலைமுறைக்கு அதனை மீட்டுத்தர எந்தச் செப்பேட்டாலும் இயலாது.

நாலாயிரத்தின் வரலாறும் இதனையே உணர்த்தும். மறைந்திருந்த அருளிச்செயல்களைத் தேடித் திருக்குருகூர் சென்ற நாதமுனிகள், மதுரகவிகளின் கண்ணிநுண்சிறுத்தாம்பினைப் பன்னீராயிரம் உரு ஓதி, நம்மாழ்வாரருளால் நாலாயிரமும் பெற்றார் என்பர். பெற்றதோடு அவர் அமையவில்லை. தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானையும் மேலையகத்தாழ்வானையும் அருகிருத்தி, அவற்றைப் பண்ணும் தாளமும் பொருந்தப் பாடப் பயிற்றினார். ஓலையில் எழுதி வைத்தால் போதும் என்று அவர் கருதவில்லை. இரண்டு மனிதரைத் தேடினார். அம்மரபின் வழிவந்த அரையர் சேவை, குல்லாயும் கைத்தாளமும் அபிநயமுமாகத் திருவரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் இன்றும் நிகழ்கிறது. தமிழகத்தில் அதற்குரிய குடும்பங்கள் மிகச் சிலவே. பண்டைப் பண்கள் பலவும் வழக்கொழிந்தன. எஞ்சியிருப்பது, வறுமையிலும் விடாது பிடித்து நின்ற சில குடும்பங்களின் பிடிவாதத்தினால் எஞ்சியிருப்பதே.

பாட்டை ஏற்று, பாடுபவனை விலக்குதல்

இசைக்குச் சமுதாயம் செய்யக்கூடிய கொடுமை பட்டினி மட்டுமன்று. பாட்டைக் கேட்டு மகிழ்ந்து, பாடியவனை வாசலுக்கு வெளியே நிறுத்துவது அதனினும் கொடிது. நம்பாடுவான் நின்றது வெளியில். உறையூரில் அவதரித்த திருப்பாணாழ்வாரும் அவ்வாறே காவிரிக்கரையில் வீணையோடு நின்றவர். தம்மை மறந்து பாடிக்கொண்டிருந்த அவர்மீது, விலகவில்லை என்று கல்லெறிந்தவர் திருவரங்கன் தொண்டிலேயே இருந்த லோகசாரங்க முனிவர். குருதி வடிந்தது பாணர் நெற்றியில். ஆனால் அரங்கன் திருமேனியிலும் அது காணப்பட்டது என்று பெரியோர் கூறுவர். கல்லெறிந்த கரத்துக்கு உரியவரே அவரைத் தோளில் சுமந்து உள்ளே கொணர வேண்டும் என்பது பெருமான் இட்ட ஆணை. முனிவாகனர் ஆகிப் பாணர் பாடியவை பத்தே பாசுரங்கள். அவை அடங்கிய அமலனாதிபிரான் நாலாயிரத்தின் ஓர் அங்கமாக இன்று எல்லாக் கோயில்களிலும் அனுசந்திக்கப்படுகிறது.

திருக்குறுங்குடியில் நம்பாடுவான் தம்மைக் கண்ணாரக் காணும்படி நம்பி கொடிமரத்தை விலகச் செய்தான் என்பர். நேர்கோட்டிலிருந்து ஒதுங்கி நிற்கும் கொடிமரத்தை இன்றும் அங்குக் காட்டுவர். இருவர் வரலாற்றிலும் பொதுவாக அமைந்தது ஒன்று. பாணன் தன் இடத்தை விட்டு உள்ளே புக முயலவில்லை. உள்ளே இருந்தவையே இடம்பெயர்ந்தன. ஓரிடத்தில் முனிவர் குனிந்து தோள் கொடுத்தார். மற்றோரிடத்தில் கொடிமரம் விலகியது. இசைவாணனுக்கு வழிவிட வேண்டியது சமுதாயமே என்பதற்கு இதனினும் தெளிந்த உரை வேண்டா. கைசிக வரலாற்றில் உயர்குலத்து வேள்வியாளனைக் கரையேற்றியவர் விலக்கப்பட்ட பாணரே என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். யார் யாருக்கு வழங்க வல்லவர் என்று உலகம் வகுத்த கணக்கை அந்த ஓர் இரவு தலைகீழாக்கியது.

இவ்வரலாற்றை நடித்துக் காட்டிய கலைக்கும் இத்தகைய நிலையே நேர்ந்தது. திருக்குறுங்குடியில் கோயிற் கலைமகளிர் நடித்து வந்த கைசிக நாடகம் இருபதாம் நூற்றாண்டில் மிகவும் நலிந்தது. நாடகப் பேராசிரியர் சே. இராமானுஜம் முதலியோரின் முயற்சியால் 1999ஆம் ஆண்டில் அது புத்துயிர் பெற்றது. கைசிக ஏகாதசி இரவில் அதனைக் காண இன்று வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். இழந்ததில் ஒரு பகுதியையேனும் மீட்க இயலும் என்பதற்கு அது நம்பிக்கை தருவது.

கேட்பவரின் பங்கு

பாடுபவனுக்கும் புரப்பவனுக்கும் கடமை உண்டாயின், கேட்பவர்க்கு ஒன்றுமில்லையா? இக்காலத்தில் இவ்வினா முன்னினும் கூர்மை பெற்றுள்ளது. பொத்தானை அழுத்தினால் முரசும் சேகண்டியும் மணியும் தாமே ஒலிக்கும் மின் இயந்திரம் பல கோயில்களில் வந்துவிட்டது. பதிவு செய்த பாடல்கள் ஒலிபெருக்கியில் முழங்குகின்றன. இவற்றை முற்றிலும் பழிப்பது நேர்மையன்று. விளக்குக்கு எண்ணெயில்லாத சிற்றூர்க் கோயிலில் மேளக்காரரை எங்ஙனம் அமர்த்துவது? மேலும், பிரதிவாதி பயங்கரம் அண்ணன் அருளிய திருவேங்கடமுடையான் சுப்ரபாதம், எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களின் குரலில் 1963ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வந்த பின்னரே கோயிலை எட்டியும் பாராத இல்லங்களிலும் விடியலில் ஒலித்தது. திருமலைக்கு நடக்க இயலாத முதியவர்க்கும் நோயுற்றவர்க்கும் அது திருப்பள்ளியறையின் வாசலைத் திறந்தது. கருவி செய்த இந்நன்மை சிறிதன்று.

ஆயினும் கருவி செய்ய இயலாதது ஒன்று உண்டு. நம்பாடுவான் பாட்டின் பலனைக் கொடுத்தார் என்றால், கொடுப்பதற்கு ஓர் உள்ளமும் அதன் பின்னே ஒரு விரதமும் இருந்தன. இயந்திரம் ஒலிக்கும், அதற்குப் பசியில்லை, விரதமில்லை, அஞ்சத்தக்க மரணமுமில்லை. ஆதலின் அதனிடம் இரந்து பெறத்தக்க பலனும் இல்லை. பதிவில் ஒலிப்பதும் என்றோ ஒருவர் வருந்திப் பாடியதே என்று உணர்ந்து கேட்குமிடத்து அது பயன் தரும். பாடுவார் இனி வேண்டா என்பதற்கு அதனையே காரணமாக்குமிடத்து அது கேடு தரும்.

கேட்பவர் தாமும் வாய்திறக்க வேண்டும் என்பது வைணவ மரபின் தனிச்சிறப்பு. புறப்பாட்டில் அருளிச்செயல் கோஷ்டி முன்னே செல்ல, வேதபாராயண கோஷ்டி பின்னே வருகிறது. முன்செல்லும் கோஷ்டியில் ஒரு சாரார் அடியெடுக்க மறுசாரார் தொடர்கின்றனர். அங்கே தனியொருவர் குரல் மேலோங்கித் தெரிவதில்லை, தெரிய வேண்டுவதுமில்லை. முதியவர் ஒருவருக்கு மூச்சு முட்டும்போது அருகிலுள்ளவர் குரல் அவ்வடியைத் தாங்கிச் செல்கிறது. சொல் மறந்த சிறுவன் மற்றவர் வாயிலிருந்து அதனைப் பெற்றுக் கொள்கிறான். சாற்றுமுறையில் அனைவரும் ஒன்றாய்ச் சேர்கின்றனர். தேர்ந்த வித்துவானின் இசை ஊருக்கு எத்துணை இன்றியமையாததோ, தேர்ச்சியில்லாத இவர்களின் கூட்டுக்குரலும் அத்துணை இன்றியமையாதது. முன்னது இசை எவ்வளவு உயரக்கூடும் என்பதைக் காட்டுகிறது. பின்னது அவ்வுயரத்தின் கீழ் ஒருவரும் தனித்து விடப்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

ஒரு பாட்டே போதும்

ராட்சதன் முதலில் இரவு முழுவதற்குமான பலனைக் கேட்டான். இறுதியில் ஒரு பாட்டின் பலனுக்கு இறங்கி வந்தான். அந்த ஒன்றே அவனைக் கரையேற்றப் போதுமானதாயிற்று. முழுவதையும் பெற்றிருந்தால் மட்டுமே உய்ந்திருப்பான் என்று அவன் எண்ணியது பிழை. இசையில் தாம் பெரியவராக வேண்டும், இல்லையேல் பாடுவதில் பொருளில்லை என்று ஒதுங்கும் உள்ளங்களுக்கு இது மருந்து. தாலாட்டும் ஒரு பாட்டே. விளக்கேற்றும்போது முணுமுணுக்கும் திருநாமமும் ஒரு பாட்டே. தகுந்த இடத்தில், தகுந்த உள்ளத்தோடு கொடுக்கப்பட்டால் ஒரு பாட்டு ஓர் உயிருக்குப் போதும்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இப்போது புலப்படும். பாட்டு எம்பெருமானுக்கு உரியது. அதன் பலன் பாடுபவனுக்கு உரியது. அப்பலனைக் கொடுத்தருளுமாறு கேட்கும் உரிமை துன்புற்ற எவர்க்கும் உண்டு. கொடுப்பவன் வாடாமல் காக்கும் கடமை ஊர் முழுவதற்கும் உண்டு. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் நாதம் வெறும் ஓசையாகிவிடும்.

திருவரங்கத்தில் கைசிக ஏகாதசி இரவில் பட்டர் வம்சத்தார் இவ்வரலாற்றைப் பெருமான் திருமுன்பு வாசிப்பதும், மறுநாட்காலை அவர்க்குப் பிரம்மரத மரியாதை செய்விப்பதும் இன்றும் நடைபெறுகின்றன. பாணனுடைய கதையைப் படித்தவர்க்கே அத்துணைப் பெருமை எனின், இன்று வீதியில் நாள் முழுதும் நின்று வாசிக்கும் நாகசுரக்காரர்க்கும் தவில்காரர்க்கும் உரிய பெருமை எத்துணை என்பதைச் சொல்ல வேண்டா. சேவை முடிந்து பிரசாதம் பெற்றுத் திரும்புகின்ற அடியார்கள், உறையிலிட்ட கருவியோடு மண்டபத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் அம்மனிதர்களைக் கண்டால் ஒரு கணம் நின்று, 'சுவாமி, இன்று உங்கள் வாசிப்பைக் கேட்டுப் புறப்பாடு சேவித்தோம்' என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அவர்கள் பிள்ளைகள் கற்கின்றனரா என்று கேட்கலாம்; இயன்றதை உதவலாம். கொடிமரமே விலகி வழிவிட்ட தலத்தின் கதையைக் கேட்டவர்க்கு அது கடினமான செயலன்று.

நாதம் ஓங்குக! நம்பாடுவான் நெறி தழைக்க, பாடுவாரும் கேட்பாரும் பல்லாண்டு வாழ்க!